அருங்காட்சியகத்தில் அரசு வேலை: மண்டபத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரைச் சேர்ந்த பெண், பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தின் காட்சிக்கூடத்தைப் பார்த்தே வளர்ந்தவர். அருங்காட்சியகத்தில் அரசு வேலைக்குப் போக எதைப் படிப்பது, எந்தத் தேர்வு எழுதுவது என்று கேட்கிறார். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்த தம்பிக்கும் இதில் வழி உண்டா என்பது இரண்டாவது கேள்வி. அப்பாவின் வலையில் ஏறிய பழைய ஜாடி ஒன்று வீட்டில் இருக்கிறதாம், அதைச் சுத்தம் செய்து கை பழகலாமா என்பது மூன்றாவது.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவிகள் மிகக் குறைவு. குரூப் 4 மாதிரி ஆயிரக்கணக்கில் இடங்கள் வராது. ஒருவர் ஓய்வு பெற்று, அந்த இடத்தை நிரப்ப அனுமதி கிடைத்து, அறிவிக்கை வரும்போது பார்த்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். அதனால் "அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியர் ஆவேன்" என்று ஒரே பதவியைக் குறிவைத்து உட்காரக் கூடாது. நான்கைந்து துறைகள் தேடுகிற ஒரு வேலையைக் கையில் கற்று வைத்துக்கொண்டு, எந்தக் கதவு திறந்தாலும் நுழையத் தயாராக இருப்பதுதான் நடக்கிற காரியம். இனி நான் சொல்வதெல்லாம் இதையொட்டித்தான்.

அருங்காட்சியகம் என்றாலே ஒரே துறை என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் ஊரைச் சுற்றியே பாருங்கள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறதே, சேதுபதி காலத்துச் சுவரோவியங்களோடு, அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பு. கீழடி அருங்காட்சியகமும் அந்தத் துறையுடையதுதான். சென்னை எழும்பூரில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் மாவட்டங்களில் உள்ள அதன் கிளைகளும் அருங்காட்சியகங்கள் துறை என்ற வேறு துறையின் கீழ் வருகின்றன. மண்டபத்தில் நீங்கள் பார்த்து வளர்ந்த காட்சிக்கூடம் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. பேக்கரும்பில் 2017இல் திறந்த கலாம் நினைவகத்தைக் கட்டியது ராணுவத்துக்கான ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. மன்னார் வளைகுடாத் தீவுகள் வனத்துறையிடம். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இத்தனை நிர்வாகங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள்சேர்ப்பு. 2025-26 மாநில வரவுசெலவுத் திட்டத்தில் ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு கட்டடமாகி, கட்டடத்துக்குப் பணியிடங்கள் ஒப்புதலாகி வருவதற்குள் என்னென்னவோ நடக்கும். அதை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, விலங்கியல் படித்தவருக்கு இதில் என்ன இடம்? நிறையவே இருக்கிறது. எழும்பூரில் சிலைகளும் நாணயங்களும் மட்டும் இல்லை. விலங்கியல், தாவரவியல், நிலவியல், மானிடவியல் என்று பிரிவுகள் உண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தந்தப் பாடம் படித்த காப்பாட்சியர் வேண்டும். உங்கள் கடலுக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. அதன் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியும் மற்றவர்களும் பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களை ஆராய்ந்து எழுதியதை அருங்காட்சியகமே 1927இல் வெளியிட்டது. காப்பாட்சியர் பதவிக்கு முதுகலைப் பட்டம் இல்லாமல் முயல்வது வீண். ஆகவே எம்.எஸ்சி. முடியுங்கள்.

எந்த எம்.எஸ்சி. என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, வீட்டுக்குப் பக்கம், படிப்பும் உங்கள் ஆர்வத்துக்கு ஏற்றதுதான். ஆனால் அறிவிக்கையில் "விலங்கியல்" என்று இருந்து, உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணை வேண்டும். அதுவும் அறிவிக்கை வந்த தேதிக்கு முன்பே வெளியான அரசாணையாக இருக்க வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கியும் இந்த ஒரு தாளுக்காக வெளியே நின்றவர்கள் உண்டு. சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, அரசாணை எண்ணோடு குறித்து வையுங்கள். தேர்வு வருகிறபோது தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது.

மாநிலப் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி.தான் வழி. தொழில்நுட்பப் பதவிகள் பலவற்றை இப்போது ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு என்று சேர்த்து நடத்துகிறார்கள். முதல் தாளில் கட்டாயத் தமிழும் பொது அறிவும், இரண்டாம் தாளில் உங்கள் பாடம். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்தாளுக்கு 300 மதிப்பெண், தரவரிசையைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும். தமிழ்வழியில் படித்திருந்தால் 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒன்றாம் வகுப்பு தொடங்கித் தமிழ்வழி என்பதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்கியிருக்க வேண்டும். மண்டபத்தில் ஆறாவது வரை, உச்சிப்புளியில் பத்தாவது வரை என்று மாறிப் படித்திருந்தால் இப்போதே போய் வாங்கிவிடுங்கள்.

மத்திய அரசுப் பக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தெரிவுப் பதவிகள் (செலக்‌ஷன் போஸ்ட்) தேர்வில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என மூன்று நிலைகள். ஆய்வக உதவியாளர், காட்சிக்கூட உதவியாளர் மாதிரியான சின்னச் சின்னப் பதவிகள் அந்த நீண்ட பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். தலைப்பை மட்டும் பார்த்து விட்டுவிடாமல் பொறுமையாக முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். இந்திய விலங்கியல் அளவைத் துறைக்குச் சென்னையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, மாதிரிகளைப் பேணுவதே அங்கே பெரிய வேலை. மண்டபம் மையம் மாதிரியான வேளாண் ஆராய்ச்சிக் கழக நிலையங்களில் டெக்னீசியன் என்ற டி-1 பதவியும், பட்டதாரிகளுக்கு டி-3 பதவியும் உண்டு. அவற்றுக்கு அகில இந்திய அளவில் போட்டி. வீட்டுக்கு எதிரேயே நிலையம் இருக்கிறது என்பதற்காக அங்கேயே போடமாட்டார்கள். ஹைதராபாத் சாலார் ஜங், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் போன்றவை தாங்களே விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பவை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எல்லோரும் காப்பாட்சியர் நாற்காலியையே பார்க்கிறார்கள். அருங்காட்சியகத்தைத் தாங்கிப் பிடிப்பது பின்கட்டில் இருக்கிற, பழம்பொருள்களைக் கெடாமல் பேணும் பாதுகாப்பு ஆய்வகம். எழும்பூரில் 1930இல் பரமசிவன் என்ற வேதியியலாளர் தொடங்கிய ஆய்வகம் இந்த வகையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. மண்ணில் புதைந்து அரித்துப்போன செப்புத் திருமேனிகளை மின்வேதி முறையில் மீட்கும் வேலை அங்கே அப்போதே தொடங்கிவிட்டது. கடற்கரை மாவட்டத்துக்காரருக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும் என்பது என் கணிப்பு. உப்பு என்ன செய்யும் என்று வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள் நீங்கள்.

உப்பில் உள்ள குளோரைடு வெண்கலத்துக்குள் புகுந்துவிட்டால், ஈரப்பதம் கிடைக்கும்போதெல்லாம் உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே வெளிர்பச்சைத் தூள் பூத்தால் அதுதான் அறிகுறி. கெட்டியான கரும்பச்சைப் படலம் வேறு, அது பெரும்பாலும் பொருளைக் காப்பது. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் செய்வதுபோல் புளி போட்டு விளக்கினால் பளபளவென்று வரும், அந்தப் பளபளப்போடு சிலையின் காலமும் எழுத்தும் போய்விடும். ஆய்வகத்தில் ஊசிமுனையால் தூளை எடுத்து, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் கொடுத்து, பாரலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் வைப்பார்கள். பாம்பனில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலே. வெளியே கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாதாமாதம் சூடாக்கி உலர்த்தி மாற்றுகிற ஒரு ஆள் இருந்தால்தான் அந்தப் பெட்டிக்குள் 40 நிற்கும். அந்த ஆளைத்தான் அரசு தேடுகிறது, அல்லது தேட வேண்டும்.

மண்பாண்டமும் அப்படித்தான். வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் 1980களிலிருந்து தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள், ஆம்போரா ஜாடித் துண்டுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தவை. கடலோர மண்ணில் கிடந்த ஓடு உப்பை உறிஞ்சி வைத்திருக்கும். தோண்டி எடுத்து அப்படியே உலரவிட்டால் உள்ளே உப்பு படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். ஓடு நீரில் கரைகிற அளவுக்குச் சூளையில் வேகாததா என்று பார்த்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் கலங்கும், இன்னும் குளோரைடு இருக்கிறது என்று பொருள். கலங்காத நாள் வரும்வரை பொறுத்திருந்து நிழலில் உலர்த்த வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது, சொல்லிவிட்டேன்.

இதையொட்டியே உங்கள் ஜாடிக் கேள்விக்கும் பதில். தயவுசெய்து அதில் கை பழகாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் சிப்பியையும் சுண்ணாம்புப் படலத்தையும் கத்தியால் சுரண்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். இன்னும் ஈரமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். எந்த இடத்தில், எத்தனை பாக ஆழத்தில் வலை போட்டபோது ஏறியது என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள், அந்தத் தகவல் போனால் ஜாடிக்குப் பாதி மதிப்பு போய்விடும். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்த கரை இது, உங்கள் ஜாடி முந்தாநாள் ஊறுகாய் ஜாடியாகவும் இருக்கலாம், 700 வருடம் பழையதாகவும் இருக்கலாம். ராமநாதபுரம் தொல்லியல் அலுவலகத்தில் காட்டுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். மண்ணுக்குள் கிடைத்த புதையல் என்றால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வேறு இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எழும்பூரில் உள்ள திருமேனிகள் பலவும் இப்படி ஆட்சியர் வழியாக வந்தவைதான்.

விலங்கியல்காரர் என்பதால் உயிரின மாதிரிகள் பற்றிக் கொஞ்சம். பார்மலினில் போட்டால் எல்லாம் கெடாமல் இருக்கும் என்பது கல்லூரி ஆய்வகத்து நம்பிக்கை. பார்மலின் நாளாவட்டத்தில் அமிலமாகும், சுண்ணாம்புச் சத்துள்ள எதையும் அரிக்கும். கடலட்டையை இனம் பிரிப்பதே அதன் தோலில் உள்ள நுண்ணிய சுண்ணாம்பு முட்களை வைத்துத்தான். பார்மலினில் கிடந்தால் அவை கரைந்து, புட்டியில் பெயர் சொல்ல முடியாத ஒரு ரப்பர் துண்டு மிஞ்சும். அதற்கு 70 சதவீத ஆல்கஹால்தான். சங்கு, சோழிகளுக்கு வேறு எதிரி. அவற்றைப் பிளைவுட் பீரோவில் பூட்டி வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவி சில வருடங்களில் வெள்ளைப் பொடியாகப் பூத்து மினுமினுப்பைத் தின்றுவிடும். பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து மறுபடி அதே பீரோவில் வைப்பவர்கள் அதிகம். இரும்பு அலமாரிக்கு மாற்றினால் தீர்ந்தது. நேர்காணலில் இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் பழகுகிறேன் என்று கடலட்டையையோ பவளப்பாறையையோ எடுத்துவிடாதீர்கள். இரண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ஆவுளியா என்கிற கடற்பசு செத்து ஒதுங்கினாலும் தொடக் கூடாது, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வழக்கு ஒன்று விழுந்தால் அரசு வேலையே கனவாகிவிடும். வலையில் கழிவாக ஒதுக்கும் சாதாரண மீன், நண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எண், பிடித்த இடம், தேதி, ஆழம், அறிவியல் பெயர், அதோடு உங்கள் ஊர்ப் பெயர் எல்லாம் எழுதிய சீட்டை, நீரிலும் ஆல்கஹாலிலும் அழியாத மையால் எழுதி, புட்டிக்குள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். பதிவேடும் ஒரு கலை. சின்னச் சேகரிப்பானாலும் ஒழுங்கான பதிவேட்டோடு இருந்தால், வாங்கிய சான்றிதழ்களைவிட அது அதிகம் பேசும்.

முறையாகப் படிக்க விரும்பினால், அருங்காட்சியகவியலுக்குத் தமிழ்நாட்டில் வாய்ப்பு குறைவு. பரோடா, பனாரஸ், அலிகார், கொல்கத்தா பல்கலைக்கழகங்களில் முதுகலை உண்டு. நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் அருங்காட்சியகவியல், பழம்பொருள் பாதுகாப்பு இரண்டும் தனித்தனி முதுகலைப் படிப்புகள். பாதுகாப்பில் அறிவியல் பட்டதாரிகளுக்கு நல்ல வாய்ப்பு. லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பேணுவதற்கான தேசிய ஆய்வகம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. இங்கேயே வேண்டும் என்றால் சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருட முதுநிலைப் பட்டயம் இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு, ஆனால் அது தொல்லியலும் கல்வெட்டும் சார்ந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. உங்களுக்கு என் யோசனை: முதலில் எம்.எஸ்சி. விலங்கியல், கூடவே டி.என்.பி.எஸ்.சி. தயாரிப்பு. முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் நொய்டா. வடக்கே போக வீட்டில் யோசிப்பார்கள், தெரியும். விடுதியும் செலவும் விசாரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினால் பாதி எதிர்ப்பு குறையும்.

தம்பி விஷயம். உங்களைவிட அவருக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் என்று மத்திய அரசின் அமைப்பு ஒன்று இருக்கிறது, தலைமையகம் கொல்கத்தா. திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் அவர்களுடையதுதான், பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே டெக்னீசியன் பதவிக்குப் பத்தாம் வகுப்பும் உரிய பிரிவில் ஐ.டி.ஐ.யும் கேட்பார்கள். இரண்டு வருடப் படிப்பு என்றால் ஒரு வருட அனுபவம், ஒரு வருடப் படிப்பு என்றால் இரண்டு வருட அனுபவம் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய் நிலை. பிட்டர், எலக்ட்ரீசியன், தச்சு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவுகள்தான் வழக்கமாக வரும், குளிர்சாதனப் பிரிவுக்கு எப்போதாவதுதான் அழைப்பு. ஆகவே எலக்ட்ரீசியன் பிரிவையும் முடித்து வைத்துக்கொள்வது நல்லது. ஓவியக் கல்லூரியில் படித்தவர்களுக்கு அதே அமைப்பில் கண்காட்சி உதவியாளர் பதவி உண்டு, உறவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குளிர்சாதனம் படித்தவருக்கு அருங்காட்சியகத்தில் உண்மையில் பெரிய வேலை காத்திருக்கிறது, பதவிப் பெயரில்தான் அது தெரியாது. பல இடங்களில் பார்வையாளர் நேரத்தில் ஏ.சி. ஓடும், மாலையில் பூட்டும்போது நிறுத்திவிடுவார்கள். பகலில் உலர்ந்து இரவில் ஈரம் குடித்து, மறுபடி உலர்ந்து மறுபடி ஈரமாகி, மரமும் ஓவியமும் ஓலைச்சுவடியும் விரிந்து சுருங்கிப் பிளக்கும். ஏ.சி.யே இல்லாமல் சீராக இருப்பது இதைவிட மேல். ஈரப்பதத்தை அளந்து எழுதி, "இந்த அறையை இப்படி நடத்துங்கள்" என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கை எந்த ஆய்வகமும் விடாது.

கடைசியாக, நடைமுறை. டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவை இருவரும் செய்துவிடுங்கள், 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். ஆணையம் வருடந்தோறும் வெளியிடும் தேர்வுத் திட்டத்தைப் பார்த்து வையுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள், சில கடைநிலைப் பதவிகளுக்கு இன்றும் அங்கிருந்துதான் பட்டியல் போகிறது. காவல், துப்புரவு வேலைகள் பல இடங்களில் ஒப்பந்தக்காரர் கையில் போய்விட்டன. "முதலில் உள்ளே போய்விடு, பிறகு நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த அரசாணைப்படி என்று கேளுங்கள். ராமேஸ்வரத்தில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் வாங்கித் தருகிறார் என்கிற பேச்சு உங்கள் தெருவுக்கும் வரும். அந்தப் பணத்தில் பாதியை வைத்து நொய்டா விடுதிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம்.